வாடகைப் பணமும் ஆட்டப் பணமும்

மன்னார்குடி
தை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சம்பா அறுப்பு முடிந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று சொன்னதால் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் காய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உன் போக்கர் சீட்டாட்ட வரவுசெலவு எழுதிய எக்செல் தாளையும் படித்து முடித்தேன்.

போக்கர் ஆடலாமா கூடாதா என்று நான் பேசப்போவதில்லை. அதை அம்மா போனில் பேசிக்கொள்வாள். லண்டனில் லைசென்ஸ் வாங்கிய கேசினோ, ஜெயித்த பணத்துக்கு வரியும் இல்லை, போடுவது உன் சம்பாத்தியம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு மட்டும் கணக்கு வாத்தியாராகப் பதில் சொல்கிறேன்.

300 மணி நேரம், 1,800 பவுண்டு லாபம். மணிக்கு 6 பவுண்டு. உங்கள் நாட்டில் குறைந்தபட்சக் கூலியே 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ் ஆனது. கடையில் பெட்டி அடுக்குகிற பையன் உன்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறான்.

அந்த 1,800-ம் உன் திறமையால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை; நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு 30 கை என்று வைத்தால் 9,000 கை ஆடியிருக்கிறாய். பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கத்தை, அதாவது கணக்கு சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவை, நினைவுபடுத்திக்கொள். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைக்கு அது 80 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் இரண்டு பந்தயத்தில் பெரியது) என்று வைப்போம். அதற்கு மேலேயும் போகும். 9,000 கையில் 90 நூறு இருக்கிறது. 90-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ ஒன்பதரை. பெருக்கினால் 760 பிளைண்ட்; பெரிய பிளைண்ட் 2 பவுண்டாக இருக்கும் உன் ஒன்று-இரண்டு பவுண்டு மேஜையில் 1,520 பவுண்டு. அதிர்ஷ்டத்தால் மட்டும் கணக்கு அவ்வளவு ஏறி இறங்கும் என்பதால், லாபமும் நஷ்டமும் இல்லாத அளவுக்கே ஆடத் தெரிந்தவர்களில்கூட எட்டுப் பேரில் ஒருவனுக்கு, வெறும் சீட்டு விழுந்த வாகிலேயே இதே லாபம் வந்திருக்கும். நீ மோசமாக ஆடுகிறாய் என்று சொல்லவில்லை. நன்றாக ஆடுகிறாய் என்று சொல்ல இந்தத் தாள் போதவில்லை.

கையிருப்பு 12,000 பவுண்டு. மேஜைக்கு 200 கொண்டுபோகிறவரை 60 தடவை உட்காரலாம். அது கெட்டியான நிலை. கடைசி மாதம் பெரிய பிளைண்ட் 5 பவுண்டான இரண்டு-ஐந்து மேஜைக்கு ஏறி 500 வைத்திருக்கிறாய். இப்போது 24 தடவைதான். வேறு சம்பளம் உள்ளவனுக்கு 20 முதல் 30 தடவை போதும் என்பது ஆடுகிறவர்களுக்குள் உள்ள வழக்கம் என்பதால் அதைக்கூட விட்டுவிடுகிறேன். 550 பவுண்டு போட்டிக்குக் கட்டியிருக்கிறாயே, அதுதான் கண்ணை உறுத்துகிறது. போட்டியில் நூறு பேரில் 85 பேராவது வெறுங்கையோடு போகிறார்கள். அதற்கு நூறு தடவைக்காவது பணம் வேண்டும். உன்னிடம் 22 தடவைக்குக்கூட இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். இரண்டு-ஐந்து மேஜையிலும் இதே வேகத்தில், அதாவது 100 கைக்கு 10 பிளைண்ட் ஜெயிப்பாய் என்றே வைப்போம். சம்பளம் இருக்கிறவரை நீ திவாலாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. லாப வேகத்தை இரண்டாலும், பிளைண்ட் கணக்கில் கையிருப்பாலும் பெருக்கி, திட்டவிலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார், ஏழரை வரும். அதை e என்ற எண்ணுக்கு மேல் கழித்தல் குறியோடு அடுக்காகப் போட்டால் அந்த வாய்ப்பு வரும், அது உனக்குத் தெரியும்.

வேலையை விட்டால்? மாதம் 150 மணி ஆடினால் 2,250 பவுண்டு. வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து 1,800 என்று நீயே எழுதியிருக்கிறாய். மிச்சம் 450. அதாவது உன் உண்மையான வேகம் 10 அல்ல, 2. ஏழரை இருந்த இடத்தில் ஒன்றரை வருகிறது. திவாலாகும் வாய்ப்பு நூற்றுக்கு 22. மேஜையில் உன் ஆட்டம் ஒரு துளிகூட மாறவில்லை. வாடகை மட்டும்தான் உள்ளே வந்தது. ஆட்டம் கொஞ்சம் மங்கி, வேகம் 10-லிருந்து 8 ஆனால் மிச்சம் பூஜ்யம். பூஜ்யத்தில் ஓடுகிற கையிருப்பு என்றைக்காவது தீர்ந்தே தீரும், நாள்தான் தெரியாது.

நம் ஊர்க் கதையையே பார்: 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடம், ஹாஸ்டல் என்று இருந்தாய். அதற்கு முன்னால் நல்ல குறுவை கண்டவர்களில் சிலர் அந்த லாபத்தோடு நகையையும் அடகு வைத்துப் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். விவசாயம் தெரியாதவர்களா? என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் அடுத்த நடவுக்கு வைத்த பணமும் வீட்டுச் செலவுப் பணமும் ஒரே பையில் இருந்தது. தண்ணீர் வந்தபோது நாற்று விடக் காசில்லை. நம் பத்து மா நிலமும் தப்பியதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, மாதாமாதம் வந்த வாத்தியார் சம்பளம்.

ஸ்டூ அங்கரை உனக்குத் தெரிந்திருக்கும். 1980, 1981, 1997 மூன்று வருஷமும் போக்கர் உலகப் போட்டியின் பிரதான ஆட்டத்தை ஜெயித்தவர். 1997-இல் அவருக்கு நுழைவுப் பணம் கட்டியதே இன்னொருவர். மறு வருஷம் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்துகிடந்தார்; பையில் இருந்தது சுமார் 800 டாலர். போதைப்பழக்கமும் சேர்ந்த கதை அது, உனக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சீட்டு அவருக்குத் தெரியாமல் போகவில்லை என்பதைக் கவனி.

ஆகவே வேலையை விடாதே. ஆட்டப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திற. அதிலிருந்து வாடகைக்கு எடுக்காதே, சம்பளத்திலிருந்து அதில் கொட்டவும் கொட்டாதே. 10,000-க்குக் கீழே இறங்கிய அன்றே ஒன்று-இரண்டு மேஜைக்குத் திரும்பிவிடு. இதை இப்போதே எழுதி வை, தோற்ற ராத்திரியில் முடிவெடுக்க முடியாது. பழைய மேஜைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தாளில் டிப்ஸுக்கும் ராத்திரி டாக்ஸிக்கும் பத்தி இல்லை, சேர்த்துக்கொள். அந்த 6 பவுண்டும் 4 ஆனால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஊருக்கு வரும்போது போனில் பணம் வைத்து ஆடாதே. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. லண்டன் பழக்கம் இங்கே செல்லாது.

கோயில் திருப்பணிக்கு 500 பவுண்டு அனுப்புகிறேன் என்றாயாம். எந்தக் கணக்கிலிருந்து என்று முதலில் சொல். சம்பளம் என்றால் அனுப்பு, ரசீது வாங்கி வைக்கிறேன். இன்னொரு 700 மணி ஆடிவிட்டுப் புதுத் தாளை அனுப்பு. அதுவரை வேலையை விடும் பேச்சை அம்மாவிடம் எடுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா