ஒரு போன் செய்தால் இணைப்பு நின்றுவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு இணைய இணைப்புகள் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், ‘சேவை பிடிக்காவிட்டால் கஸ்டமர் கேருக்கு ஒரு போன் செய்து இணைப்பை நிறுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருந்தது. சேலத்திலும் ஏற்காட்டிலும் இதே காரியத்துக்காக அல்லாடுகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில், அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. தங்கள் இதழை நம்பி அப்படியே செய்கிறவர்களுக்கு அடுத்த மாதமும் பில் வரும்.

போன் செய்தவுடன் நிறுத்தச் சொன்னதாகப் பதிவாவதில்லை. எடுப்பவர் இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிடுவார். போகிறவரைப் போகவிடாமல் நிறுத்துவதற்கென்றே இருக்கும் பிரிவு அது. ஒரு மாதம் இலவசம் என்பார்கள், வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள். ‘சரி, யோசிக்கிறேன்’ என்று சொன்னால் போதும், கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடும். இலவச மாதம் தீர்ந்ததும் இணைப்புக்கான மாத வாடகை பழையபடி பில்லில் ஏறத் தொடங்கும். அதனால் போனோடு நிற்காமல் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். கணக்கு எண், பதிவு செய்த கைபேசி எண், எந்தத் தேதியிலிருந்து இணைப்பு வேண்டாம் என்பது, மோடத்தின் சீரியல் எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் தந்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-லேயே விதி செய்திருக்கிறது. தாங்கள் அறியாதது அல்ல.

தேதி ஏன் முக்கியம் என்றால், பல நிறுவனங்கள் வாடகையை மாதத் தொடக்கத்திலேயே முன்கூட்டிப் போட்டுவிடுகின்றன. 1ஆம் தேதி பில் விழுகிற கணக்கில் 3ஆம் தேதி நிறுத்தச் சொன்னால் முழு மாதத்துக்கும் கேட்கிறார்கள். பில் விழுவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது மோடம். பெரும்பாலும் இங்கேதான் ஏமாற்றப்படுகிறார்கள். உள்ளூர்க் கேபிள்காரர் வீட்டுக்கு வந்து மோடத்தை வாங்கிக்கொண்டு போகிறார். ரசீது கேட்டால், ‘ஆபீஸில் ஏற்றிவிடுவோம்’ என்கிறார். பிறகு ‘கருவி திரும்ப வரவில்லை’ என்று கடைசிப் பில்லில் ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. நிறுவனத்தைக் கேட்டால் அவர் எங்கள் ஆள் இல்லை என்கிறார்கள், அவரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கொடுப்பதற்கு முன் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சீரியல் எண், அடாப்டர் கொடுத்தது, தேதி, வாங்கியவர் கையெழுத்து ஆகியவை இல்லாத ரசீது எதற்கும் உதவாது. அடாப்டரை எழுதாமல் விட்டால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் கொடுமை. இணைப்பு கொடுக்கும்போது மலை மேல் இருக்கும் நாகலூர் வரைக்கும் ஆள் வருகிறது. நிறுத்தும்போது மட்டும் மோடத்தைச் சேலம் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அந்தப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.

இணைப்பு செத்துக் கிடக்கும் நாட்களுக்கும் வாடகை வாங்குவது பழைய மனக்குறை. மலையில் மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்தால் ஃபைபர் அறுந்துபோகும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஃபைபரை ஒட்டவைக்கும் மெஷின் கீழிருந்து மேலே வர வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதப் பில்லிலும் தானாக ஒரு ரூபாய் குறையவில்லை. கேட்டவர்களுக்குத்தான் கழித்தார்கள், அதுவும் எல்லோருக்கும் இல்லை. பழுது என்று புகார் எண் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்பதால், பேசாமல் காத்திருந்தவர்கள் ஒன்றும் கேட்க முடியாமல் போனது.

ஆண்டுத் திட்டத்தின் கணக்கையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மாதம் 599 ரூபாய் என்று விளம்பரம் செய்கிறார்கள்; 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 706 ரூபாய் 82 காசு. பத்து மாதத் தொகையைக் கட்டினால் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். வரி இல்லாமல் 5,990. எட்டாவது மாதத்தோடு நிறுத்தினால், ஓடிய எட்டு மாதத்துக்கும் சலுகையை எடுத்துவிட்டு மாதத்துக்கு 599 வீதம் 4,792 ரூபாய் பிடிப்பார்கள். மீதி 1,198, வரியோடு 1,413 ரூபாய் 64 காசு. அதிலும், ‘இலவசம்’ என்று சொல்லிப் போட்ட இன்ஸ்டாலேஷனுக்கு இப்போது 1,000 ரூபாயும் வரியும் கழிப்பார்கள். கைக்கு வருவது 233 ரூபாய் 64 காசு. சேரும்போது இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பணம் கட்டும் முன், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

சிலர் கோபத்தில், மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். பணம் போவது நிற்கும், இணைப்பின் கணக்கு நிற்காது. பாக்கி ஏறி, வக்கீல் பெயரில் குறுஞ்செய்தி வந்து பயமுறுத்தும். வயதானவர்கள் அதற்கே பயந்து கட்டிவிடுகிறார்கள். முதலில் எழுத்து மூலம் இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் யுபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபேயை ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்தால் பின்னால் சான்றாக உதவும்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. நிறுத்தச் சொன்னால் 7 நாளுக்குள் நிறுத்த வேண்டும், வைப்புத்தொகையை 45 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று டிராயின் 2024 சேவைத்தர விதிகள் சொல்கின்றன. சந்தாவை ரத்து செய்யவிடாமல் சுற்றலில் விடுவதை, 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சேலத்திலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் கட்டுரையில் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றையும் விட மக்களுக்குத் தெரியாமல் கிடப்பது மேல்முறையீட்டு அதிகாரி. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். புகாருக்குக் கிடைத்த பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அவருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கோ அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் அப்படி ஒருவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். சேலம் மாவட்டத்தில் இணைப்பு தரும் நிறுவனங்களின் மேல்முறையீட்டு அதிகாரிகளுடைய முகவரிகளை ஒரு சிறிய கட்டத்தில் அச்சிடுங்கள், வெட்டி வைத்துக்கொள்ளத் தோதாக.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.