மீனாவுக்கு, அந்த ஸோம்பீஸ் ஆல்பம் பற்றி

அன்புள்ள மீனாவுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா நலம். மாடியில் கத்தரி காய்க்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன லீவில் வந்தபோது என் போனில் நீ ஏற்றிவிட்டுப் போன பாட்டுகளில் ஸோம்பீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஒடிசி அண்ட் ஆரக்கிள்' இருந்தது இல்லையா, பழைய பாட்டுப்பா, உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ஏர்போர்ட் போய்விட்டாய். இங்கே நான் மாட்டிக்கொண்டேன். 12 பாட்டு, மொத்தமே முப்பத்தைந்து நிமிடம், காலை நடைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பார்க் வாசலில் ஆரம்பித்தால் பால் வாங்கித் திரும்பும்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அது முடியட்டும் என்று நான் தெருமுனையில் நிற்பதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள், அண்ணனுக்கு மூச்சு வாங்குதா என்று.

முதல் பாட்டிலேயே விழுந்துவிட்டேன். 'கேர் ஆஃப் செல் 44' என்று தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இது முகவரி. பாளையங்கோட்டையில் வேலை பார்த்த காலத்தில் ஜெயிலுக்குப் போகிற தபால் என் கையில் எத்தனை வந்திருக்கும்! உள்ளே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிற கடிதங்கள் அவை, உறையைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். இந்தப் பாட்டில் ஒருத்தன் ஜெயிலில் இருக்கும் காதலிக்குக் கடிதம் எழுதுகிறான், சீக்கிரம் வரப்போகிறாய், வீடு தயாராக இருக்கிறது என்று. அழுகை ஒரு சொட்டு இல்லை. துள்ளுகிற பியானோ, நடுவில் வாத்தியம் எல்லாம் நின்று வெறும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற ஒரு இடம், அப்புறம் அந்த பேஸ் கிடார். இளையராஜா காலத்து ஆள் நான், பாட்டு ஓடினால் பேஸ் எங்கே போகிறது என்று காது தன்னால் தேடும். இதில் பேஸ் வாசிக்கும் கிறிஸ் வைட் பாதிக்கு மேல் பாட்டுகளை எழுதியவரும்கூட. மீதியை எழுதியவர் கீபோர்டு வாசிக்கும் ராட் ஆர்ஜென்ட். பாடுகிறவர் காலின் பிளன்ஸ்டோன், அந்தக் குரலைப் பற்றி நான் எழுதினால் வழிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு நல்ல பாட்டை 1967 நவம்பரில் இங்கிலாந்தில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டாக, வெளியிட்டபோது ஒருவரும் சீண்டவில்லை. டிசம்பரில் குழுவே கலைந்துவிட்டது. ஆல்பம் கடைக்கு வந்தது 1968 ஏப்ரலில், அதாவது குழு இல்லாமல் போன பிறகு. கலைந்ததற்குக் காரணம் பெரிய சண்டை ஒன்றும் இல்லை, காசுதான். பாட்டு எழுதிய இரண்டு பேருக்கு ராயல்டி வந்தது, மற்ற மூன்று பேரும் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராக வேனில் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காலின் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத கதை ஒன்று உண்டு. 1967-இல் இவர்கள் பிலிப்பைன்ஸுக்கு வாசிக்கப் போகிறார்கள், ஏதோ ஹோட்டலில் நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறோம் என்ற நினைப்பில். மணிலாவில் இறங்கினால் கூட்டம், நிகழ்ச்சியோ அரனேட்டா கொலிசியத்தில், ஆயிரம் ஆயிரமாக ஜனம், எல்லாப் பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். தங்கள் பாட்டு அங்கே அப்படி ஓடுகிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை! சம்பளமும் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி இல்லை, ஒரு ராத்திரிக்கு 80 பவுண்டு, அதை ஐந்து பேர் பங்குபோட வேண்டும். உள்ளூரில் நம்மை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்குக் கடல் தாண்டி ஒரு ஊரே காத்திருந்திருக்கிறது.

திரும்பி வந்து, கலைவதற்கு முன்னால் நம் இஷ்டத்துக்கு ஒரே ஒரு ஆல்பம் செய்துவிடலாம் என்று ராடும் கிறிஸும் முடிவெடுத்தார்கள். ரெக்கார்டு கம்பெனி கொடுத்தது 1,000 பவுண்டு. ஸ்டுடியோ நேரம் காசு என்பதால் முன்கூட்டியே ஒத்திகை முடித்துக்கொண்டு போய்ப் பாடியிருக்கிறார்கள். பெரும்பகுதி அபே ரோடு ஸ்டுடியோவில்தான் பதிவானது, பீட்டில்ஸ் தங்கள் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக்கொண்டு கிளம்பிய கையோடு. அங்கே கிடந்த மெல்லோட்ரான் ஜான் லெனன் விட்டுவிட்டுப் போனது என்று ராட் ஆர்ஜென்ட் பேட்டிகளில் சொல்வார். மெல்லோட்ரான் என்றால் என்னவென்று தேடிப் பார்த்தேன், பிரமாதமான சாமான். பார்க்க ஆர்மோனியப் பெட்டியின் பெரியப்பா. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு டேப் துண்டு, அதில் வயலினோ புல்லாங்குழலோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 வினாடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னால் இழுத்துக்கொள்ளும். வயலின் கோஷ்டிக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் இதை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள். 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' பாட்டில் பின்னால் லேசாக அலையடிப்பது அதுதான், ஹெட்போனில் கேள்.

கம்பெனி ஸ்டீரியோ (இரண்டு ஸ்பீக்கரில் பிரிந்து கேட்கிற பதிப்பு) வேண்டும் என்று கேட்டபோது பணம் தீர்ந்திருந்தது, அந்தச் செலவை ராடும் கிறிஸும் கைக்காசில் செய்தார்கள். அட்டைப் படம் வரைந்த டெர்ரி குவர்க் 'ஒடிசி' என்பதில் ஒய் வர வேண்டிய இடத்தில் ஈ போட்டுவிட்டார், பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது. ராட் அதை வேண்டுமென்றே செய்த சிலேடை என்று ரொம்ப நாள் சமாளித்திருக்கிறார். நல்ல மனுஷன்.

சரி, இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அல் கூப்பர் என்ற அமெரிக்க இசைக்காரர் லண்டன் வந்தபோது ஒரு மூட்டை ரெக்கார்டுகள் வாங்கிப்போகிறார், அத்தனையிலும் இது ஒன்றுதான் அவரைப் பிடித்து உலுக்குகிறது. அப்போதுதான் கொலம்பியா கம்பெனியில் சேர்ந்திருந்தவர், நேரே தலைவர் கிளைவ் டேவிஸிடம் போய் நிற்கிறார், இதை யார் வைத்திருந்தாலும் வாங்குங்கள் என்று. உரிமை ஏற்கெனவே அவர்களிடமேதான் இருந்திருக்கிறது, வெளியிட வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்! அவர் பிடிவாதத்தால்தான் அமெரிக்காவில் வெளியானது. அப்போதும் கம்பெனி முதலில் எந்தப் பாட்டை விட்டது தெரியுமா? முதல் உலகப்போரில் சிப்பாயாகப் போன ஒரு கசாப்புக்காரன் நடுங்கிக்கொண்டே பாடுகிற பாட்டை, காலால் மிதிக்கிற ஆர்கன் ஒன்று பின்னால் முனகும். வியட்நாம் போர் சமயம், எடுபடும் என்று கணக்கு. பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் கல்யாண வீட்டில் போட முடியுமா? படுத்துவிட்டது.

பிறகு கடைசி முயற்சியாக 'டைம் ஆஃப் தி சீஸன்' வந்தது. ஐடஹோவில் பாய்சி என்ற ஊரில் ஒரு வானொலிக்காரர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார் என்று ராட் சொல்வார். 1969 தொடக்கத்தில் அது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. ஆனால் மேடையேற ஆள் இல்லை. சும்மா இருப்பார்களா, போலி ஸோம்பீஸ் குழுக்கள் கிளம்பி அமெரிக்கா முழுக்க வாசித்தன. அதில் ஒன்றில் இருந்த இரண்டு டெக்சாஸ் பையன்கள் பின்னால் ஸீஸீ டாப் என்ற ராக் குழுவில் சேர்ந்து பெரிய ஆள் ஆனார்கள். அசல் ஆட்கள், பெரிய தொகை பேசியும், திரும்பச் சேரவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இந்த ஆல்பத்தைச் சுமந்தது கேட்டவர்கள்தான். விளம்பரம் இல்லை, ரொம்ப நாள் குழுவே இல்லை. ஒருத்தர் இன்னொருத்தர் கையில் திணித்து, இதைக் கேளு, இதைக் கேளு என்று நச்சரித்து. பால் வெல்லர் மாதிரியான பாட்டுக்காரர்களும் அந்த நச்சரிப்பில் சேர்ந்தார்கள். 2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் உயிரோடிருந்த நாலு பேரும் சேர்ந்து முதல் தடவையாக முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள். கிடார் வாசித்த பால் அட்கின்சன் 2004-லேயே போய்விட்டார் பாவம். 2019-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ரசிகர்கள் ஒவ்வொருவரும் 'இதை யாருமே கண்டுகொள்ளவில்லை' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், கவனித்திருக்கிறாயா? எனக்கு அது சிரிப்பாக இருக்கிறது. தானாகக் கண்டுபிடித்த பெருமையை யாரும் விடத் தயாரில்லை. ஆனால் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003-இல் 80-ஆவதாக இருந்தது, 2012-இல் 100, 2020-இல் 243 என்று இறங்கியதைப் பார்த்தபோது எனக்கே சுருக்கென்றது, அப்போதுதான் தெரிந்தது நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று.

எல்லோரும் கொண்டாடுகிற 'டைம் ஆஃப் தி சீஸன்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்தக் கைதட்டும் மூச்சும் நன்றாகத்தான் இருக்கிறது. பதிவின்போது ராட் இப்படிப் பாடு அப்படிப் பாடு என்று திருத்தித் திருத்தி, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்று காலின் கத்தியிருக்கிறார், அது தெரிந்த பிறகு கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. என் ஓட்டு 'எ ரோஸ் ஃபார் எமிலி'க்கு. ஒரு பியானோ, குரல்கள், வேறு ஒன்றும் கிடையாது. காதல் கிடைக்காமலே கிழவியாகிப் போகிற ஒருத்தியின் கதையை இரண்டரை நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இப்போது உனக்கு இரண்டு வேலை. நீ இருக்கிற ஹாட்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் செயின்ட் ஆல்பன்ஸ்தான் இந்தக் குழு பிறந்த ஊர், எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள், 1961-இல் முதல் ஒத்திகைக்குப் போக பிளாக்ஸ்மித்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப் வாசலில் கூடியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த வாசலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உள்ளே போகச் சொல்லவில்லை, போனாலும் அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, அடுத்த தடவை வரும்போது ரெக்கார்டு வாங்கி வா, மோனோ பதிப்பு, எல்லாச் சத்தமும் ஒன்றாகவே வருகிறது. 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் வருகிற ஊதுகருவிகளை மோனோ மிக்ஸ் செய்யும்போதே நேரடியாக அதன்மேல் சேர்த்துவிட்டார்கள், தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லாமல் பழைய ஸ்டீரியோ ரெக்கார்டில் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் போலி ஸ்டீரியோதான். அசலாக எப்படி இருக்கிறது என்று எனக்குக் கேட்க வேண்டும். 1968 அச்சு எல்லாம் வேண்டாம், யானை விலை சொல்வார்கள், மறுபதிப்பு போதும். தாத்தாவின் ரெக்கார்டு பிளேயருக்கு டவுனில் ஊசி சொல்லி வைத்திருக்கிறேன்.

அதுவரை ரயிலில் போகும்போது முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேள், இடையில் தாவாதே. உன் ஓட்டு எதற்கு என்று ஞாயிறு போனில் சொல், மீட்டிங் என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

அன்புடன்,
அப்பா