நாட்டிய மேடைக்கு நேரடி இசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் அண்மையில் நான் பார்த்த நாட்டிய நாடகமொன்றில், ஆடிய சிறுமி அவிழ்ந்த சலங்கையைக் குனிந்து கட்டி நிமிர்வதற்குள் ஒலிப்பதிவுப் பாட்டு இரண்டு அடிகள் கடந்து போய்விட்டது. மிருதங்கக் கலைஞர் அருகிலிருந்திருந்தால் இன்னோர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வாசித்து அவளுக்காகக் காத்திருப்பார். மேற்கத்திய பாலே அரங்கிலும் வாத்தியக் குழுவை நடத்துபவர், ஆடுபவர் துள்ளியெழுந்து தரையிறங்கும் கணத்தைப் பார்த்தே இசையின் வேகமாகிய காலப்பிரமாணத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் செல்கிறார். நமது வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மத்தளத்தோடு ஆடுகளமான களரியில் நிற்கும், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும் ஆட்டக்காரரின் காலைப் பார்த்தே அடிக்கிறார்.

செலவு கூடும் என்பது உண்மைதான். ஆயினும், சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இசை பயிற்றுவிக்கும் இவ்வூரில், விழா ஏற்பாட்டாளர்கள் அலங்காரத்துக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், மட்டக்களப்பு