ஆளில்லாத வீட்டுக்கு 24 பாகை எதற்கு?

அன்புள்ள மகளுக்கு,

கேஸ் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். வினிபெக்கில் ஜனவரி, வெளியே மைனஸ் 30; பில் ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகும் வீடு 24 பாகையில் கிடப்பதற்குக் குளிரைக் குறை சொல்ல முடியாது. சுவரில் இருக்கிற, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாற்றில் எந்த நேரம் எவ்வளவு சூடு என்று போட்டு வைக்கலாம். நீங்கள் அதை வெறும் சுவிட்ச் மாதிரிப் பாவிக்கிறீர்கள்.

அதில் ஒரு நாளை நான்காகப் பிரித்திருப்பார்கள்: எழும்புவது, வெளியே போவது, திரும்பி வருவது, படுப்பது. வீட்டில் நடமாடும்போது 20, வெளியே போனாலும் படுத்தாலும் 17 என்பது கனடாவின் இயற்கை வள அமைச்சு சொல்லும் கணக்கு. 17 கூதலாக இருந்தால் 18 வை, நான் சண்டைக்கு வரமாட்டேன். உனக்கு ஷிஃப்ட் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே நேரம் கேட்கிற மொடல் உனக்குச் சரிவராது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் போடலாமா என்று முதலில் பார்.

குறைத்துவிட்டுத் திரும்பச் சூடாக்கினால் கேஸ் கூடத்தான் போகும் என்று மருமகன் சொன்னாராம். இங்கே ஸ்காபரோவிலும் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். பிழை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கூடக்கூடத்தான் சூடு வேகமாக வெளியே போகும். வீடு ஆறிக் கிடக்கும் நேரமெல்லாம் குறைவாகத்தானே போகிறது? அந்த மிச்சம், திரும்பச் சூடாக்கும் செலவை விடக் கூட. வெளியிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே விடும் ஹீற் பம்ப் என்றால் கதை வேறு; ஒரேயடியாக ஏற்றினால் துணைக்கு இருக்கும் மின்சார ஹீற்றர் ஓடத் தொடங்கிவிடும். உங்களுடையது கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், பயமில்லை.

குளிர்கிறது என்று 27க்கு ஏற்றினால் வீடு கெதியாகச் சூடாகாது. சாதாரண ஃபர்னஸ் ஒரே வேகத்தில்தான் எரியும். 20ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதைவிட, எழும்ப அரை மணித்தியாலம் முன்னதாகவே நேரத்தைப் போடு. அப்புறம் அந்த 'ஹோல்ட்' பொத்தான். அதை அழுத்திவிட்டால் நீ போட்டு வைத்த நேரம் ஒன்றும் வேலை செய்யாது. மருமகனின் விரல் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் இங்கே வரும்போது ஃபர்னஸை அணைத்துவிட்டு வராதே, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். 15இல் விட்டு வா. தெர்மோஸ்டாற் பற்றரியில் ஓடுவது என்றால் புதுசு போட்டுவிட்டு வா. பற்றரி செத்தால் ஃபர்னஸும் நின்றுவிடும். ஃபர்னஸின் காற்று ஃபில்டரையும் ஒருக்கால் இழுத்துப் பார், கறுத்திருந்தால் மாற்று.

அன்புடன்,
அம்மா