வழியில் கரைந்த பணம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாய், பேரனுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக நடையை விட்டுவிடாதே. எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். "ஊருக்குள்ளே நொடியில் போகிற பணம், கடல் தாண்ட மட்டும் ஏன் இத்தனை பாடு படுகிறது?" என்று. படித்ததும் சிரிப்பு வரவில்லையடா, பழைய ஞாபகம்தான் வந்தது. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதே கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்!

அந்த அம்மாவை உனக்கு நினைவிருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்காக மாதாமாதம் வருவார். கையில் மகனுடைய கடிதம் இருக்கும். அதில் அவன் எழுதியிருந்த தொகை ஒன்று, நம் பேரேட்டில் வரவான தொகை வேறொன்று. குறைந்தது எவ்வளவு என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். "நடுவுல யார் சார் எடுத்தது?" என்பார், சத்தம் போடமாட்டார். நாம் டெலக்ஸ் தாளை, அதாவது வெளிநாட்டு வங்கியிலிருந்து தந்தி மாதிரி அச்சாகி வரும் செய்தியை, புரட்டுவோம். வழியில் ஏதோ ஒரு வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வரை தெரியும். எந்தக் கணக்கில் பிடித்தது என்பது நமக்கே தெரியாது. ஒரு நாளும் அவருக்குச் சரியான பதில் சொன்னதில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மகளுக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பணம் எல்லை தாண்டுவதே இல்லை. நம் வங்கிக்கு அந்த நாட்டு வங்கியில் ஒரு கணக்கு, அதைத்தான் நாஸ்ட்ரோ என்போம். அங்கே ஒருவர் கட்டிய தொகை அந்தக் கணக்கில் வரவாகும், இங்கே நம் கையிருப்பிலிருந்து வாரிசுக்கோ தாய்க்கோ கொடுப்போம். இரண்டு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால் நடுவில் மூன்றாவது வங்கி, சில சமயம் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒரு நாள் தாமதம். நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் உண்டியல், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று சொல்லும் சீட்டு, எழுதியதும் இதே கணக்குதான். தாள் மட்டும் கடல் தாண்டும், காசு அந்தந்தக் கரையிலேயே கிடக்கும், பிறகு கணக்கை நேர் செய்துகொள்வார்கள். அவர்களுக்குள் முகம் தெரிந்த நம்பிக்கை இருந்ததால் நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

இப்போது நாட்டுக்கு நாடு கட்டியிருக்கிற உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்புகளை ஒன்றோடொன்று கோக்கிறார்கள். 2016-இல் நம்முடைய யூபிஐ வந்தது, அடுத்த ஆண்டே தாய்லாந்தின் பிராம்ப்ட்பேயும் சிங்கப்பூரின் பேநவ்வும் வந்தன. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. கணக்கு எண்ணுக்குப் பதிலாகக் கைபேசி எண்ணோ வேறொரு அடையாளமோ போதும், வாரத்தில் ஏழு நாளும் இயங்கும். 2021 ஏப்ரல் 29 அன்று பேநவ்வையும் பிராம்ப்ட்பேயையும் இணைத்தார்கள். இரண்டு நாடுகளின் இப்படிப்பட்ட அமைப்புகள் நேரடியாக இணைந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 1,000 சிங்கப்பூர் டாலர், தாய்லாந்துப் பக்கத்திலிருந்து 25,000 பாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு அனுப்புவதும் சின்னத் தொகைதானே.

திரையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். அனுப்புகிறவர் எதிராளியின் எண்ணைத் தட்டுகிறார். அந்த எண் யாருடைய கணக்கோடு சேர்ந்தது என்று அடுத்த நாட்டு அமைப்பிடம் கேள்வி போகிறது, பெயர் திரும்பி வருகிறது. மாற்று விகிதம் வருகிறது. இவ்வளவு கட்டினால் அங்கே இவ்வளவு சேரும் என்று தெரிகிறது. அதற்குப் பிறகுதான் அவர் ஒப்புதல் கொடுக்கிறார். எனக்கு இதில் வேகம் இரண்டாம்பட்சம். விரல் வைப்பதற்கு முன்னாலேயே பெயரும் சேரும் தொகையும் கண் முன்னே நிற்கிறது பார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நாற்பது வருடம் கழித்து வந்த பதில் அது.

நமக்கு நெருக்கமான இணைப்பு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. யூபிஐயும் பேநவ்வும் சேர்ந்தன. இரு நாட்டுப் பிரதமர்களும் காணொலியில் பார்த்துக்கொண்டிருக்க, ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் ரவி மேனனும் முதல் பரிமாற்றத்தைச் செய்தார்கள். நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு. இந்தியாவிலிருந்து அனுப்ப இரண்டே காரணம்தான் ஏற்பார்கள்: வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு. தொடக்கத்தில் இங்கே அனுப்பவும் பெறவும் நான்கு வங்கிகள்: ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. பெற மட்டும் இன்னும் இரண்டு வங்கிகள். அந்த நான்கில் கடைசிப் பெயரைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்த வங்கி அல்லவா! உண்டியல் போன பாதையிலேயே யூபிஐ போகிறது. 2025 ஜூலையில் இன்னும் 13 வங்கிகள் சேர்ந்து மொத்தம் 19 ஆகிவிட்டன.

சரி, கம்பி இழுத்துவிட்டார்களே, இனி என்ன கஷ்டம் என்று கேட்பாய். செய்தி போகிற வழி கடினமே இல்லை. ஐஎஸ்ஓ 20022 என்று பொதுவான செய்தி வடிவம் இருக்கிறது, பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் மாதிரி ஆட்கள் கவலைப்படுவதெல்லாம் சனி, ஞாயிறு பற்றி. ஞாயிறு ராத்திரி ஒருவர் பணம் அனுப்பினால் அது உடனே சேர்ந்தாக வேண்டும். ஆனால் அந்நியச் செலாவணிச் சந்தை வெள்ளிக்கிழமை இரவோடு மூடிவிடுகிறது. திங்கட்கிழமை எந்த விகிதத்தில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நாள் அபாயத்தை யாரோ ஒருவர் தோளில் சுமக்க வேண்டும். மாற்றிக் கொடுக்கிற வங்கி சுமந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்துவிட்டு அதை விகிதத்துக்குள் ஒளித்துவைக்க இடம் இருக்கிறது.

இன்னொன்று, முன்பணம். பணம் உடனே சேர வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் அந்த நாட்டு நாணயத்தில் முன்கூட்டியே இருப்பு வைத்திருக்க வேண்டும். விடுமுறை நாளில் ஊற்று வற்றினால் யார் நிரப்புவது? நம் ரிசர்வ் வங்கி 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸை, அதாவது வங்கிகளுக்கிடையே பெரிய தொகையை உடனுக்குடன் தீர்க்கும் அமைப்பை, இரவு பகல் திறந்துவைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படித் திறந்திருந்தால்தான் அந்த முன்பணம் குறையும். முன்பணம் குறைந்தால்தான் செலவும் குறையும். உலக வங்கிக் கணக்குப்படி 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்துக்கு மேலே நிற்கிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐநா இலக்கு வைத்திருக்கிறது.

தென்கிழக்கு ஆசியாவில் க்யூஆர் இணைப்புகள் வேகமாகப் பரவியிருக்கின்றன. தாய்லாந்தும் கம்போடியாவும் முன்னரே தொடங்கிவிட்டன. இந்தோனேசியாவின் பொது க்யூஆர் அமைப்பான க்யூரிஸ் 2022-இல் தாய்லாந்தோடும் 2023-இல் மலேசியாவோடும் சிங்கப்பூரோடும் சேர்ந்தது. நம் யூபிஐயும் 2021-இல் பூடானிலும், 2024 பிப்ரவரியில் இலங்கையிலும், அடுத்த மாதமே நேபாளத்திலும் நுழைந்தது. பயணம் போகிறவருக்கு நாணயம் மாற்றும் தொல்லை விட்டது, நல்லதுதான். டாலரைத் தொடாமல் இந்தோனேசிய ரூப்பியாவையும் தாய்லாந்து பாட்டையும் நேரடியாகவே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இதற்குத் துணையாக இருப்பதையும் மெச்ச வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது எளிய வேலை. கடை ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது, தொகை தெரியும், காரணம் தெரியும். ஆளுக்கு ஆள் அனுப்புவதுதான் சிக்கல். பெயர் சரிபார்ப்பு, பணம் அனுப்பக் கூடாதவர்களின் தடைப்பட்டியல், அந்நியச் செலாவணி விதி எல்லாம் குறுக்கே வரும். அதனால் எளிய பக்கத்தையே முதலில் முடித்துக்கொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால் வரிசை தலைகீழ். சுற்றுலா போகிறவர் அட்டை வைத்திருப்பார். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவருக்குத்தான் வேறு வழி இல்லை. அவருக்கு அங்கே வங்கிக் கணக்கு உண்டா, அந்தக் கணக்கு இணைப்பில் சேர்ந்த வங்கியில் இருக்கிறதா என்பதிலிருந்தே கேள்வி தொடங்குகிறது. 2023-இல் சிங்கப்பூர்ப் பக்கத்தில் இணைந்தது ஒரு வங்கியும் ஒரு நிதிநிறுவனமும் மட்டும்தான் என்பதை வைத்து யோசித்துப் பார்.

இரண்டிரண்டாகக் கோப்பதிலும் எல்லை இருக்கிறது. பத்து நாடு என்றால் 45 இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனிப் பேச்சுவார்த்தை. அதனால்தான் மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கி (பிஐஎஸ்) நெக்ஸஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாடும் ஒரே மையத்தில் ஒரு தடவை இணைந்தால் போதும், மற்ற எல்லாரோடும் பேசலாம். மாற்று விகிதத்தைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் சொல்ல, அனுப்பும் வங்கி தேர்ந்தெடுக்கும். இலக்கு 60 நொடி. மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து நான்கோடு இந்தியாவும் சேர 2024 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு அதை நடத்தச் சிங்கப்பூரில் தனி நிறுவனமும் அமைந்தது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

பயமும் இங்கேதான். உடனடிப் பணம் போனால் போனதுதான், திரும்ப இழுக்க முடியாது. உள்ளூரில் மோசடிக்காரன் பறித்தால் ஒரே சட்டம், ஒரே காவல்துறை, ஒரே ரிசர்வ் வங்கி. எல்லை தாண்டி 60 நொடியில் பறந்துவிட்டால் எந்த நாட்டுச் சட்டம் துரத்தும்? ஏமாந்த முதியவர் எந்தக் கதவைத் தட்டுவார்? நாம் இருந்த காலத்தில் தாமதம் என்பது எரிச்சல், ஆனால் அந்தத் தாமதத்துக்குள் எத்தனை தப்பைப் பிடித்திருக்கிறோம், நினைத்துப் பார். முதல் தடவை அனுப்பும் புதுப் பெயருக்குச் சில மணி நேரம் நிறுத்திவைக்கலாம், எங்கே புகார் செய்ய வேண்டும் என்பதை அதே திரையில் அனுப்புகிறவரின் மொழியிலேயே காட்டலாம். வரம்பைக் கூட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிட்டால் என் மனசு ஆறும்.

உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். மகளின் கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பும் வசதி இருந்தால், ஒரே தொகையைப் போட்டு, சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவையும் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தடவையும் திரையில் என்ன விகிதம் காட்டுகிறது என்று குறித்துவை. அனுப்ப வேண்டாம், ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்திவிடு. அன்றைய சந்தை விகிதத்தையும் பக்கத்திலேயே எழுதிவை. நான்கு வாரம் சேர்ந்ததும் எனக்கு அனுப்பு, பழையபடி இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

பேரன் மெய்யெழுத்துக்கு வந்ததும் அவன் கையெழுத்தில் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

என்றும் உன்,
பக்கத்து மேசை நண்பன்