கிராஸி வளைவில் தூக்கிய கை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது நாலு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "இந்த வருடம் படகுப் பந்தயத்துக்குப் போகவில்லை அப்பா, கேப்டனிடம் சொல்லிவிடப்போகிறேன்" என்றாய். ஏன் கண்ணு என்றதற்கு, "எட்டுப் பேர் ஒரு வருடம் உழைத்ததை ஒரே வளைவில் கெடுத்துவிட்டேன்" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. நாக்கில் வராதது சில சமயம் பேனாவில் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை என்று நீ சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். போன அக்டோபரில் நீ முதன்முதலில் படகு என்று சொன்னபோது வேண்டாம் என்றவன் நான்தானே. நீச்சல் தெரிந்தாலும் அந்தக் குளிரில் ஆறு எதற்கு, படிக்கத்தானே கேம்பிரிட்ஜ் போனாய் என்று சத்தம் போட்டேன். ஆனால் இப்போது நீ சொல்லும் காரணம் வளைவைப் பற்றியது. வளைவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முப்பத்தொரு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன். அதில் பாதிக்கு மேல் கொல்லிமலைப் பாதை. காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு.

உயரம் போதாது என்று பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளாத பெண் நீ. அதே உயரத்துக்காகத்தான் அந்தக் கல்லூரியில் உன்னைத் தேடி வந்து காக்ஸ் ஆகிறாயா என்று கேட்டார்கள். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். காக்ஸ் என்றால் சுக்கான் பிடிப்பவர் என்று நீ விளக்கிய அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பதினெட்டு மீட்டர் நீளப் படகு, நான் ஓட்டிய பஸ்ஸைவிட ஒன்றரை மடங்கு. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுக்கான். பிரேக் கிடையாது. எதிரே நேராகப் பார்க்க முடியாமல் எட்டுப் பேர் உட்கார்ந்து மறைக்கிறார்கள். இப்படி ஒரு வண்டியை யார் ஓட்டக் கொடுத்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் உன் போன்களில் நான் கேட்டது ஆற்றின் கதைதான். விடியும் முன் சைக்கிளில் படகு வீட்டுக்குப் போவாய். கட்டைவிரல் மரத்துப் போய்ச் சுக்கான் கயிறு கையில் இருப்பதே தெரியவில்லை என்பாய். துடுப்பு போடுகிறவர்களுக்கு வேர்க்கும், காக்ஸுக்கு மட்டும் குளிரும் என்பாய். வருட முடிவில் முதல் பந்தயம். பிப்ரவரி கடைசியில் லென்ட் பந்தயம். ஜூனில் மே பந்தயம். மே என்று பெயர் வைத்துக்கொண்டு ஏன் ஜூனில் நடத்துகிறார்கள் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த மே பந்தயத்துக்குத்தான் நீ டிக்கெட் போட்டு என்னை வரவழைத்தாய்.

முதல் நாள் படகு வீட்டில் நீ காட்டியதில் எனக்கு மறக்காமல் இருப்பது ஒன்றுதான். உங்கள் படகின் கூர்மையான முனையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளை ரப்பர் பந்து. விரலால் அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. 1888-இல் ஒரு பந்தயத்தில் பின்னால் வந்த படகின் முனை பாய்ந்து ஒரு மாணவன் இறந்துபோனான், அதற்குப் பிறகுதான் இந்தப் பந்து வந்தது என்றாய். அன்று முழுக்க எனக்கு அந்தப் பையனைப் பெற்றவர்களின் நினைப்பு. இன்றைக்கு எத்தனை நாட்டுப் படகுகளின் முனையில் அந்தப் பந்து இருக்கிறது! யார் வீட்டுப் பிள்ளைகளையோ காத்துக்கொண்டிருக்கிறது.

பந்தயமே எனக்குப் புதுமாதிரி. கேம் ஆறு அகலம் குறைவு. இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் போக இடம் கிடையாது. அதனால் 1827 முதல் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, நடுவில் ஒன்றரைப் படகு நீளம் இடைவெளி விட்டு, பீரங்கி வெடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். முன்னால் போவதைப் போய் முட்ட வேண்டும். பின்னால் வருவது நம்மை முட்டாமல் தப்ப வேண்டும். முட்டினால் மறுநாள் அவர்கள் இடம் நமக்கு. நாலு நாள் இப்படி. நாலு நாளும் முட்டினால் பெயர்கள் எழுதிய துடுப்பு பரிசு. நாலு நாளும் முட்டு வாங்கினால் கரண்டி என்று ஒரு பெயர். பெண்களுக்கு இந்தப் பந்தயம் 1974-இல்தான் வந்தது என்றும், எட்டுப் பேர் படகில் அவர்கள் ஓட்டியது 1990 முதல்தான் என்றும் உன் கோட்டயத்துத் தோழி சொன்னாள். நான் வேலைக்குச் சேர்ந்ததே 1988-இல். என் பழைய காக்கிச் சட்டையைவிட இளசான வழக்கம். அதில் என் மகள் சுக்கான் பிடிக்கிறாள் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

புதன்கிழமை ஃபென் டிட்டனில் அந்த ப்ளோ விடுதித் தோட்டத்தில் நின்றேன். கரை முழுக்கக் கூட்டம். தூரத்தில் கிராஸி என்கிற ஆற்று வளைவில் உன் சிவப்புத் தொப்பி தெரிந்தது. பின்னால் வந்தவர்களின் விசில் கேட்டது. ஒரு படகு நீளம் நெருங்கினால் ஒரு விசில், அரை நீளத்துக்கு இரண்டு, கால் நீளத்துக்கு மூன்று என்று உன் தோழி என் காதில் எண்ணிக்கொண்டே வந்தாள். இரண்டாவது விசிலில் உன் தொப்பி ஒரு கணம் பின்பக்கம் திரும்பியது. அப்போதே எனக்கு வயிறு கலங்கியது. அடுத்த நொடி படகு வெளிக்கரையை நோக்கிப் போய்விட்டது. அந்தப் பக்கத்துத் துடுப்புகள் நாணலுக்குள் புகுந்தன. பின்னால் வந்தவர்கள் வந்து தொட்டார்கள். நீ கையைத் தூக்கினாய்.

எனக்குத்தான் கை காட்டுகிறாய் என்று நினைத்து நானும் கை காட்டினேன். முட்டு வாங்கியதை ஒப்புக்கொள்ள காக்ஸ் அப்படித்தான் கை தூக்க வேண்டும் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். தூக்கிய என் கையை இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வியாழக்கிழமை பெய்ட்ஸ் பைட் பக்கம் கிளம்பும் இடத்துக்கே நடந்து வந்தேன். கரையிலிருந்து ஒருவர் நீளக் கம்பால் படகைத் தள்ளிப் பிடித்திருந்தார். உன் கையில் கரையோடு கட்டிய சங்கிலியின் நுனி. கிளம்ப நாலு நிமிடம் இருக்கும்போது ஒரு வெடி, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு வெடி. பிறகு யாரும் பேசவில்லை. தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. மூன்றாவது வெடியில் நீ சங்கிலியை விட்டாய். அன்றும் முட்டு வாங்கினீர்கள். பின்னால் வந்தவர்கள் உங்களைவிட வலுவானவர்கள், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அந்த இரண்டு நாளும் உன் கணக்கில் வராது. நீயும் வரவு வைக்காதே.

நான் எழுத உட்கார்ந்தது சனிக்கிழமைக்காக.

சனிக்கிழமை ஆற்றங்கரைப் பாதையில் நடந்து கிராஸி வளைவிலேயே போய் நின்றுகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் போன படகு முதலிலேயே முட்டி ஒதுங்கிவிட்டது; துரத்த ஆள் இல்லை. பின்னால் வருபவர்களிடமிருந்து கடைசி வரை தப்பிப் போவது மட்டும்தான் மிச்சம். நீங்கள் வளைவுக்கு வரும்போதே மூன்று விசில். கால் படகு நீளம். அவர்கள் ரப்பர் பந்துக்கும் உங்கள் படகின் பின்முனைக்கும் நடுவில் ஐந்து மீட்டர்கூட இல்லை.

உன் தலை திரும்பவில்லை.

நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு தொடங்குவதற்கு முன்னமே கட்டைவிரல் நகர்ந்துவிட்டது, நூல் அளவுக்குத்தான். புதன்கிழமை வளைவுக்குள் வந்த பிறகு வெடுக்கென்று இழுத்தாயே, அந்த மாதிரி இல்லை. சுக்கானை அதிகம் திருப்பினால் அதுவே தண்ணீரைத் தடுத்து வேகத்தைத் தின்னும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒலிவாங்கியில் நீ கத்தவும் இல்லை. ஒரு பக்கத்து நாலு பேரிடம் ஏதோ சொன்னாய், அவர்கள் முதுகு நாலும் ஒன்றாக இறுகியது. படகின் மூக்கு தானாகத் திரும்பியது போலத் திரும்பியது. உள்கரைத் துடுப்புகள் நாணலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போயின. ஒரு முழம்தான், நான் அளந்து பார்த்தது போலச் சொல்வேன். பின்னால் வந்த காக்ஸ் பதற்றத்தில் அதிகமாகத் திருப்பிவிட்டாள். அவர்கள் படகு வெளியே வழுக்கி, எழுந்து வருவதற்குள் நீங்கள் ஒரு நீளம் போய்விட்டீர்கள்.

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. டிட்டன் வளைவு தாண்டி, நீண்ட நேர் ஓட்டத்தில் ரயில் பாலம் வரை விசில் போய்க்கொண்டே இருந்தது. முட்டப்போகும்போது விடாமல் ஊதும் விசிலாக மாறுகிறதா என்று காதைக் கொடுத்து நின்றேன். மாறவில்லை. நீங்கள் தப்பிவிட்டீர்கள்.

திரும்பி வந்தபோது முட்டியவர்கள் எல்லாம் வில்லோ இலையைத் தலையில் செருகிக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார்கள். உங்கள் தலையில் ஒன்றும் இல்லை. நாலு நாள் கணக்கில் மூன்று இடம் இறக்கம். நீ படகு வீட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாய். அன்று உன்னிடம் நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். தட்டிக்கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றேன். அது என் தவறு.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. 1996 நவம்பர், நீ பிறக்காத காலம். மழை, மூடுபனி. செம்மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். வளைவில் ஒரு கணம் கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். பின்சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது. நாற்பது பேருக்கு மேல் வண்டியில். யாருக்கும் அடி இல்லை, மலைவாழைத் தார் ஒன்று நசுங்கியது, அவ்வளவுதான். தார் வைத்திருந்த பாட்டி என்னைத் திட்டவே இல்லை. என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தன் தூக்குவாளியில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்.

மறுநாளே சமவெளித் தடத்துக்கு மாற்றல் கேட்டேன். கொடுத்தார்கள். நாமக்கல் - சேலம். நேர் சாலை. எட்டு மாதம் ஓட்டினேன். அந்த எட்டு மாதமும் ராத்திரி கண்ணை மூடினால் அதே வளைவு. மலையில் ஓட்டியபோது ஒரு நாளில் எழுபது வளைவு கடந்து போகும். கீழே வந்த பிறகு ஒரே வளைவு, அது முடியவே இல்லை. பிறகு ஒரு நாள் மலைத்தடத்து டிரைவருக்குக் காய்ச்சல், என்னை ஏற்றிவிட்டார்கள். அந்த இடம் வந்தபோது பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து கிளை மேலாளரிடம் பழைய தடமே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் படகில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். துரத்தி வரும் படகு அவர்கள் கண்முன் இருக்கிறது. நீ ஒருத்திதான் முன்னால் பார்க்கிறவள். புதன்கிழமை நீ திரும்பியதால் அந்த ஒரு கணம் படகில் முன்னால் பார்க்க யாருமே இல்லை. சனிக்கிழமை நீ இருந்தாய். கேப்டன் உன்னைத் திரும்பக் கூப்பிடுவது எதனால் என்று நினைக்கிறாய்? அந்தப் பெண்ணும் அந்த எட்டில் ஒருத்தி. மூன்று விசில் ஊதும்போது அந்த ரப்பர் பந்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இருந்தவள்.

முடிவு உன்னுடையது. வேண்டாம் என்றால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கேப்டனிடம் சொல்வதற்கு முன் ஒரு வேலை செய். ஒரு தாளில் கிராஸி வளைவை வரைந்து எனக்கு அனுப்பு. புதன்கிழமை எந்த இடத்தில் கயிற்றை இழுத்தாய் என்று ஒரு புள்ளி, சனிக்கிழமை எந்த இடத்தில் என்று இன்னொரு புள்ளி. நாணல் எங்கே, நான் நின்ற இடம் எங்கே என்பதையும் குறி. அந்த ஒரு முழம் சரிதானா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

மிளகும் மலைத்தேனும் பார்சலில் வருகிறது. தேன் பாட்டிலை அம்மா மூன்று துணி சுற்றியிருக்கிறாள், பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா