மறைத்த ஒன்றையும் எழுதுகிறேன்

அன்பு மகள் கயலுக்கு,

நேற்றுப் பேச்சோடு பேச்சாக, இரவில் நெஞ்சு எரிகிறது, புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன் என்றாய். எத்தனை நாளாக என்றேன். நான்கு மாதம் என்றாய். இரவு முழுக்க எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மூன்று வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். மேல்வயிறு எரிந்தால் வாயு என்பேன். முழங்கால் வலிக்கு நாள் தவறாமல் விழுங்கிய வலி மாத்திரைக்கும் அந்த எரிச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டேன். படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா என்னை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனாள். இரைப்பைப் புண்ணிலிருந்து கசிந்த ரத்தம்தான் அமிலம் பட்டு அப்படிக் கறுத்திருக்கிறது.

இரைப்பை குடல் சிறப்பு மருத்துவர் எண்டோஸ்கோபி செய்தார். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, சுண்டுவிரல் பருமனான குழாயை உள்ளே விட்டார்கள். குமட்டியது; வலிக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்தது. இதற்கா மூன்று வருடம் பயந்தேன்! துளிச் சதையை எடுத்துப் பார்த்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. அல்சருக்குக் கவலையும் அமிலமுமே காரணம் என்று மருத்துவர்கள் நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு 14 நாள் மருந்தில் கிருமி ஒழிந்தது. ஒழிந்ததா என்று பிறகு மூச்சுப் பரிசோதனையிலும் உறுதிசெய்தார்கள்.

உனக்கும் அல்சர்தான் என்று நான் சொல்லவில்லை. உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையம் தளர்ந்து அமிலம் மேலேறுவதாக இருக்கலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதே. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்து. தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். ஆனால் இவற்றைச் செய்துகொண்டு இன்னும் நான்கு மாதம் கடத்திவிடாதே. விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பார். மலம் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போ.

மருத்துவரிடம் நீ போடும் எல்லா மாத்திரைகளையும் சொல், தலைவலிக்குப் போடுவது உட்பட. என் அல்சரையும் சொல். இன்னொன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு என் பெருங்குடலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய பாலிப், அதாவது உட்சுவரில் முளைத்த சதை வளர்ச்சி, ஒன்றை எடுத்தார்கள். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். நீ கலங்குவாய் என்று மறைத்தேன். அது தவறு. பெற்றவருக்கு இப்படி இருந்தால், பிள்ளைக்குப் பெருங்குடல் பரிசோதனையை மற்றவர்களைவிட முன்பே தொடங்கச் சொல்வார்கள்.

என் அறிக்கைகளின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். நாள் குறித்ததும் தெரிவி. நீ தனியாகப் போக வேண்டாம், நான் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா